மருந்தடிக்கும் ட்ரோன் நடுவானில் நின்றுபோனால்? ஆனைமலை விவசாயிகள் கேட்க வேண்டிய கேள்விகள்

கூலிக்கு ஆள் கிடைக்காத கொங்கு மண்டலத்தில், மருந்தடிக்க ட்ரோன் கூப்பிடுவது மெல்ல வழக்கமாகி வருகிறது. ஒரு ஏக்கருக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. கைத்தெளிப்பானில் 200 லிட்டர் தண்ணீர் கலந்து அடித்த இடத்தில், 10 லிட்டர் போதும். “வந்தாங்க, அடிச்சாங்க, போயிட்டாங்க” என்று வேலை முடிந்துவிடுகிறது.

ஏக்கருக்கு எவ்வளவு வாடகை, எந்த மருந்து, எத்தனை மணிக்கு வருவீங்க... எல்லாம் கேட்கிறோம். ஒன்றை மட்டும் கேட்பதில்லை. பறந்துகொண்டிருக்கும்போது மோட்டார் நின்றால் அது எங்கே விழும்? யார் மேல் விழும்? அந்தச் செலவு யார் தலையில்?

ஆனைமலை வயல்களிலும் தென்னந்தோப்புகளிலும் இந்தக் கேள்விக்கு ஏன் கூடுதல் எடை என்று பார்ப்போம்.

சுருக்கமாக

• மருந்தடிக்கும் விமானத்தில் இன்ஜின் நின்றால் சறுக்கி இறங்கலாம். பல விசிறி ட்ரோனால் அது முடியாது.

• விமானத்தில் ஆபத்து பைலட்டுக்கு. ட்ரோனில் அந்த ஆபத்து தரையில் நிற்பவருக்கு மாறிவிட்டது.

• பேட்டரியும் மோட்டாரும் பழசாகும் காலத்தில்தான் அரசுத் திட்டம் தந்த இன்சூரன்ஸும் பராமரிப்பும் முடிகின்றன. பெரிய ஓட்டை அங்கேதான்.

இந்தியாவில் மருந்தடிக்க விமானம் இருந்ததா?

இருந்தது. ட்ரோனுக்குப் பல பத்தாண்டுகள் முன்பே, வெட்டுக்கிளி ஒழிப்புக்கும் பெரிய தோட்டங்களுக்கும் விமானங்களும் ஹெலிகாப்டர்களும் மருந்து தெளித்திருக்கின்றன. பெங்களூருவின் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் இதற்கென்றே ‘பசந்த்’ என்ற ஒற்றை இன்ஜின் விமானத்தை வடிவமைத்தது. அதன் திருத்தப்பட்ட வடிவம் 1972 மார்ச் 30 அன்று முதன்முதலாகப் பறந்தது. 1980 வாக்கில் உற்பத்தி நின்றது.

இந்த வகை விமானங்களைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், ‘இன்ஜின் நிற்கலாம், விமானம் விழலாம்’ என்ற எண்ணத்துடனேயே அவை கட்டப்பட்டிருப்பது தெரியும். பைலட் இருக்கை உயரத்தில் இருக்கும். மருந்து டேங்க் அவருக்கு முன்னால் இருக்கும். அவரைச் சுற்றி உறுதியான கூண்டு இருக்கும். முன்பக்கம் மோதினால் அடியை முதலில் வாங்குவது இன்ஜினும் டேங்கும், பிறகுதான் மனிதர்.

இன்ஜின் நின்றால் என்ன செய்வார்கள்? பயணிகள் விமானம் பறப்பது 35,000 அடியில். அங்கே யோசிக்க நேரம் உண்டு. மருந்தடிக்கும் விமானம் பறப்பதோ பயிருக்குச் சில அடி மேலே. இந்தப் பைலட்டுக்குக் கிடைப்பது சில நொடிகள்தான். அதற்குள் மூன்று வேலை: டேங்கைத் திறந்து மருந்தைக் கொட்டி எடையைக் குறைக்க வேண்டும், மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காப்பாற்ற வேண்டும், எதிரே இருக்கும் இடத்திலேயே இறங்க வேண்டும். ‘ஓடுபாதைக்குத் திரும்பிடலாம்’ என்று வளைவதுதான் உயிரைப் பறிக்கும் தவறு. குறைந்த உயரத்தில், வேகம் குறைந்த நிலையில் வளைந்தால் இறக்கை தூக்குவிசையை இழந்து விமானம் தலைகுப்புற விழும்.

அதனால் அனுபவமுள்ள பைலட்டுகள் பறக்கும்போதே ‘இப்ப நின்னா எந்த வயல்ல இறங்குறது?’ என்று பார்த்துக்கொண்டே போவார்கள். இறங்குமிடம் இன்ஜின் நின்ற பிறகு தேடுவதல்ல, முன்பே தேர்ந்துவைப்பது. இந்தப் பாடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ட்ரோனுக்கும் இதுதான் தேவைப்படப்போகிறது.

இவ்வளவு முன்னேற்பாட்டுக்குப் பிறகும் இது ஆபத்தான தொழில்தான். அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2013ஆம் ஆண்டில் மட்டும் நடந்த 78 விவசாய விமான விபத்துகளை எடுத்துக்கொண்டு 2014இல் தனி அறிக்கை வெளியிட்டது. பைலட்டின் களைப்பு, சரியில்லாத பராமரிப்பு, ஆபத்தை முன்கூட்டி எடைபோடும் வழிகாட்டல் இல்லாமை ஆகியவை அது சுட்டிய முக்கியக் குறைகள். மூன்றுமே பறப்பதற்கு முன்பு தரையில் சரிசெய்ய வேண்டியவை.

சரி, ட்ரோனில் என்ன வித்தியாசம்?

விமானத்துக்கு இறக்கை இருக்கிறது. இன்ஜின் நின்றாலும் காற்றில் சறுக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் வரும். ஹெலிகாப்டருக்கும் ஒரு வழி உண்டு. இன்ஜின் நின்றதும் பைலட் விசிறியின் கோணத்தை மாற்றுவார். கீழே இறங்க இறங்க, அடியிலிருந்து வரும் காற்றே விசிறியைச் சுழற்றிக்கொண்டிருக்கும். தரைக்கு அருகில் அந்தச் சுழற்சியைப் பயன்படுத்தி மெதுவாக இறக்குவார்.

பைலட் உள்ளே இல்லாத மருந்தடிப்பு முதலில் பெரிதாக வளர்ந்தது ஜப்பானில். 1987இல் யமஹா நிறுவனம் அறிமுகப்படுத்திய ‘ஆர்-50’ பெட்ரோல் இன்ஜினில் ஓடும் ஆளில்லா ஹெலிகாப்டர். நெல் வயல்களுக்கு மேல் அது மருந்தடித்தது.

இன்று நம் ஊருக்கு வருவது அந்த ரகம் அல்ல. நான்கு, ஆறு அல்லது எட்டுச் சின்ன விசிறிகள், ஒவ்வொன்றுக்கும் தனி மோட்டார், நடுவில் பேட்டரி, அடியில் டேங்க். விசிறியின் கோணம் மாறாது. சுற்றும் வேகத்தைக் கூட்டிக் குறைத்துத்தான் ட்ரோன் சமநிலையில் நிற்கிறது. இதற்குச் சறுக்கவும் தெரியாது, ஹெலிகாப்டர்போலக் காற்றில் சுழன்று இறங்கவும் தெரியாது.

அப்படியானால் ஒரு மோட்டார் நின்றால் என்ன ஆகும்? அது விசிறிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது.

• நான்கு விசிறி: ஒன்று நின்றால் சமநிலை போய்விடும். சுழன்றுகொண்டே விழும்.

• ஆறு விசிறி: மற்ற ஐந்தும் பாரத்தைப் பகிர்ந்துகொண்டு தடுமாறியாவது இறங்க வாய்ப்புண்டு. டேங்க் காலியாக இருந்தால் வாய்ப்பு அதிகம். நிரம்பியிருந்தால், ஏற்கெனவே முழு பலத்தில் ஓடும் மோட்டார்களுக்குக் கூடுதல் சுமையைத் தாங்க இடமிருக்காது.

• எட்டு விசிறி: தப்பிக்கும் வாய்ப்பு இன்னும் கூடும். விலையும் எடையும்கூடக் கூடும்.

பேட்டரி மொத்தமாகக் கைவிட்டால் எத்தனை விசிறி இருந்தும் பயனில்லை. சென்னை எம்.ஐ.டி. வளாகத்தில் தொடங்கிய தக்ஷா போன்ற குழுக்கள் பெட்ரோல் இன்ஜினும் பேட்டரியும் சேர்ந்த ஹைப்ரிட் ட்ரோன்களையும் உருவாக்கியிருக்கின்றன. அவற்றில் இன்ஜின் நின்றாலும் துணை பேட்டரி இறங்குவதற்கு மட்டும் கொஞ்ச நேரம் தரும்.

‘பாராசூட் வைக்கலாமே?’ என்று தோன்றலாம். பாராசூட் விரிய உயரம் வேண்டும். பயிருக்கு மூன்று மீட்டர் மேலே பறக்கும் ட்ரோனுக்கு அந்த உயரம் கிடைக்காது.

விழுந்தால் எவ்வளவு வேகம்? பள்ளிக்கூடக் கணக்குதான்

10 லிட்டர் டேங்க் உள்ள விவசாய ட்ரோன்கள் பெரும்பாலும் ‘ஸ்மால்’ என்ற பிரிவில் வருகின்றன. ட்ரோன் விதிகள் 2021இன்படி 2 கிலோவுக்கு மேல் 25 கிலோ வரை இந்தப் பிரிவு. டேங்க் நிரம்பினால் எடை 25 கிலோவை நெருங்கும். ஏறக்குறைய ஒரு அரிசிச் சிப்பம்.

நெல் வயலில் 3 மீட்டர் உயரத்திலிருந்து நேராக விழுந்தால் தரையைத் தொட ஒரு நொடிகூட ஆகாது. வேகம் மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர்.

தென்னந்தோப்பில் மரத்துக்கு மேலே, 20 மீட்டர் உயரத்தில் பறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து விழ இரண்டு நொடி. தரையில் மோதும்போது வேகம் மணிக்குச் சுமார் 70 கிலோமீட்டர். காற்றின் எதிர்ப்பால் கொஞ்சம் குறையலாம், மட்டையில் சிக்கினால் இன்னும் குறையலாம். ஆனாலும் 25 கிலோ எடை, சுற்றிக்கொண்டிருக்கும் விசிறிகள். கீழே காய் பொறுக்குபவருக்குத் தலையைத் தூக்கிப் பார்க்க மட்டுமே நேரம் இருக்கும்.

பசந்த் விமானத்தில் இன்ஜின் நின்றால் முதலில் அடிபடக்கூடியவர் பைலட். அதனாலேயே அவர் இன்ஜினைத் தினமும் பார்ப்பார், காற்றைப் பார்ப்பார், சந்தேகம் என்றால் ஏற மாட்டார். ட்ரோன் பைலட் வரப்பில் நிற்கிறார். விழுந்தால் அவருக்குப் பணம் போகலாம், உயிர் போகாது. அடிபடக்கூடியவர் பெரும்பாலும் அந்த முடிவில் எந்தப் பங்கும் இல்லாத கூலித் தொழிலாளி. ட்ரோன் வந்ததால் ஆபத்து மறைந்துவிடவில்லை. அது பைலட்டிடமிருந்து தரையில் இருப்பவருக்குக் கைமாறியிருக்கிறது.

மோட்டார் ஏன் நிற்கிறது?

பெரும்பாலான காரணங்கள் ‘திடீர்’ ரகம் இல்லை. முன்பே அறிகுறி காட்டுபவை.

*பேட்டரி:* லித்தியம் பாலிமர் பேட்டரி பழசாக ஆக, திரையில் 40 சதவீதம் என்று காட்டினாலும் பாரம் ஏறும்போது மின்னழுத்தம் சட்டென்று இறங்கும். டேங்க் நிரம்பிய ட்ரோன் மேலே கிளம்பும் தருணம்தான் பேட்டரிக்குச் சோதனை. சித்திரை வெயிலில் சூடாறாமல் அடுத்தடுத்து சார்ஜ் போட்டுப் பறக்கவிட்டால் ஆயுள் இன்னும் குறையும். பேட்டரி உப்பியிருந்தால் அது பேட்டரி அல்ல, பட்டாசு.

*மோட்டாரும் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியும்:* ஒவ்வொரு மோட்டாருக்கும் மின்சாரத்தை அளந்து கொடுக்கும் சிறு மின்னணுப் பலகை உண்டு. மருந்துத் துளி, ஈரம், மண் ஆகியவை புகுந்து அரித்தால் அது கருகும், மோட்டார் நிற்கும். வேலை முடிந்ததும் கழுவித் துடைக்காமல் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதன் விலை அடுத்த வாரம் தெரியும்.

*விசிறி:* ஓரத்தில் சின்ன வெட்டு, முடி கனமான விரிசல். ‘ஓடுதில்ல, விடுங்க’ என்பார்கள். அதனால் வரும் அதிர்வு மோட்டாரின் பேரிங்கையும் திருகுகளையும் தளர்த்தும்.

*திசைமானியும் ஜி.பி.எஸ்ஸும்:* உயர் அழுத்த மின்கம்பிக்கும் இரும்புக் கொட்டகைக்கும் அருகே காந்தத் திசைமானி குழம்பும். மோட்டார் நன்றாக இருந்தும் ட்ரோன் வேறு பக்கம் ஓடும்.

*உதிரிபாகம்:* 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்கு மத்திய அரசு தடை விதித்தது. பாகங்களை இறக்குமதி செய்ய அனுமதி உண்டு. அதனால் பல மாடல்கள், பல சப்ளையர்கள். அறுவடைக்கு முந்தைய பரபரப்பில் சரியான மோட்டார் கைக்கு வராதபோது, ‘கிடைத்ததைப் போட்டு ஓட்டுவோம்’ என்ற ஆசை வரும். அங்கே ஜாக்கிரதை.

ஆனைமலையில் தனியாக என்ன பிரச்சினை?

ட்ரோன் கையேடுகள் பெரும்பாலும் திறந்த சமவெளி வயலை மனதில் வைத்து எழுதப்படுகின்றன. நம் ஊர் அப்படி இல்லை.

1. கணவாய்க் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் நேராகப் பாய்கிறது. உடுமலையைச் சுற்றி அத்தனை காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. ‘ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்’ என்பது இங்கே பழமொழி மட்டுமல்ல, வானிலைக் குறிப்பும்கூட. ஆழியாறு பழைய ஆயக்கட்டின் சுமார் 6,400 ஏக்கரில் முதல் போக நெல் நிற்பது இந்த மாதங்களில்தான். காற்றை எதிர்த்து நிற்க மோட்டார்கள் கூடுதலாக உழைக்க வேண்டும், பேட்டரி சீக்கிரம் தீரும், மருந்தும் பக்கத்து வயலுக்குப் போகும். காற்று குறைவாக இருக்கும் அதிகாலை நேரத்தோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

2. தென்னை. சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது பொள்ளாச்சி வட்டாரத்தில், 2016இல். ஓலையின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும் பூச்சி அது. உயரமான மரத்தில் ஆள் ஏறி அடிப்பது சிரமம் என்பதால் ட்ரோன் மேல் ஆசை வருவது இயல்பு. ஆனால் தோப்புக்குள் ட்ரோன் பைலட்டின் கண்ணுக்கு மறையும். மட்டைகளுக்கு நடுவே ‘இறங்குமிடம்’ என்று எதுவும் இருக்காது.

இங்கே இன்னொரு பொறியும் உண்டு. சிக்னல் அறுந்தாலோ பேட்டரி குறைந்தாலோ, ட்ரோன் தானாகக் கிளம்பிய இடத்துக்குத் திரும்பும் வசதியுடன் வருகிறது. ‘ரிட்டர்ன் டு ஹோம்’ என்பார்கள். அப்போது எந்த உயரத்தில் திரும்ப வேண்டும் என்று முன்பே அமைக்க வேண்டும். காலையில் நெல் வயலுக்கு 15 மீட்டர் என்று வைத்துவிட்டு, மதியம் அப்படியே 20 மீட்டர் தென்னைக்கு நடுவே பறக்கவிட்டால், காப்பாற்ற வேண்டிய வசதியே ட்ரோனை மரத்தில் மோதவைக்கும்.

3. கம்பிகள். கிணற்று மோட்டாருக்குப் போகும் மின்கம்பி இல்லாத தோட்டம் கொங்கு நாட்டில் அரிது. மெல்லிய கம்பி ட்ரோன் கேமராவிலும் தெரியாது, பைலட்டின் கண்ணுக்கும் தெரியாது. முதல் நாளே வரப்பு வரப்பாக நடந்து கம்பங்களைக் குறித்துக்கொள்வதுதான் ஒரே வழி.

4. வாய்க்கால். பழைய ஆயக்கட்டு வயல்கள் ஆழியாற்று வாய்க்கால்களை ஒட்டியவை. ட்ரோன் தண்ணீரில் விழுந்தால் இயந்திரம் மட்டுமா போகும்? ஒரு ஏக்கருக்கு 200 லிட்டரில் கரைத்த மருந்தைத்தான் 10 லிட்டரில் கரைக்கிறோம். அளவு அதே என்றால், டேங்கில் இருக்கும் கலவை இருபது மடங்கு கெட்டி. அது மாடு குடிக்கும் தண்ணீரில் கலக்கிறது.

விழுந்தபின் முதல் பத்து நிமிடம்

பதற்றத்தில் எல்லோரும் ஓடிப்போய்த் தூக்கத்தான் பார்ப்பார்கள். அதுதான் தப்பு. வரிசை இப்படி இருக்கட்டும்:

• மோட்டார்களை ரிமோட்டில் நிறுத்தும்வரை யாரும் பக்கத்தில் போகக் கூடாது. விழுந்த பிறகும் விசிறி சுற்றலாம்.

• ஆளுக்கு அடிபட்டிருந்தால் 108. மருந்து பட்டிருந்தால் துணியைக் கழற்றி, சோப்பும் நிறைய தண்ணீரும் கொண்டு கழுவ வேண்டும். மருந்து பாட்டிலின் லேபிளையும் மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

• அடிபட்ட பேட்டரியைக் கையால் தொடாதீர்கள். உடனே எரியாமல், சிறிது நேரம் கழித்தும் தீப்பிடிக்கலாம். காய்ந்த தென்னை ஓலை அருகில் என்றால் இன்னும் ஆபத்து. ஒரு வாளி மணல் எப்போதும் கூடவே இருக்கட்டும்.

• கொட்டிய மருந்தை வாய்க்காலுக்குக் கழுவிவிடக் கூடாது. மண்ணைப் போட்டு மூடி, ஆடு மாடு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

• போட்டோ எடுங்கள். ட்ரோனின் பதிவு எண், விழுந்த இடம், நேரம். இன்சூரன்ஸுக்கு இதுதான் ஆதாரம்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆச்சரியம் என்னவென்றால், முக்கியமான விதிகள் பல ஏற்கெனவே இருக்கின்றன.

பூச்சிக்கொல்லி விதிகள் 1971இல் 43ஆவது விதி வான்வழித் தெளிப்பைப் பற்றியது. தெளிக்கப்போகும் பரப்பை அடையாளமிட வேண்டும். குறைந்தது 24 மணி நேரம் முன்பே அதிகாரிகள் வழியாக மக்களுக்கு அறிவிக்க வேண்டும். சம்பந்தமில்லாத மனிதர்களையும் கால்நடைகளையும் குறிப்பிட்ட காலத்துக்கு உள்ளே விடக் கூடாது. கழுவவும் முதலுதவிக்கும் வசதி வேண்டும். விமானங்களை மனதில் வைத்து எழுதிய விதி இது. ஆனால் ‘கீழே ஆள் இருக்கக் கூடாது’ என்ற அதன் சாரம் ட்ரோனுக்கு இன்னும் கச்சிதமாகப் பொருந்துகிறது. 2021 டிசம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் ட்ரோன் தெளிப்புக்கென்றே தனி நடைமுறை விதிகளையும் வெளியிட்டது.

ட்ரோன் விதிகள் 2021 வேறு சிலவற்றைச் சொல்கின்றன. ஸ்மால் பிரிவு ட்ரோனை ஓட்ட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்கு ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். 250 கிராமுக்கு மேற்பட்ட எல்லா ட்ரோனுக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். இதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் ஏற்பாடுகளே பொருந்தும் என்கிறது விதி. புரியும்படி சொன்னால், உங்கள் பைக்குக்கு எடுக்கும் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் மாதிரிதான். வண்டிக்கு என்ன ஆனாலும் சரி, அடிபட்டவருக்குப் பணம் கிடைக்க வேண்டும்.

ஆக, சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. சாலையில் தேர்டு பார்ட்டி பேப்பர் இல்லாமல் போனால் போலீஸ் நிறுத்துவார். வரப்பில் நிறுத்திக் கேட்பவர் யார்?

பெரிய ஓட்டை: இரண்டாவது ஆண்டு

‘நமோ ட்ரோன் தீதி’ திட்டத்தை மத்திய அமைச்சரவை 2023 நவம்பரில் ஏற்றது. ரூ.1,261 கோடி ஒதுக்கீடு. சுமார் 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு ட்ரோன். விலையில் 80 சதவீதம், அதிகபட்சம் ரூ.8 லட்சம் மானியம். குழுவுக்கு ஆண்டுக்கு குறைந்தது ஒரு லட்சம் ரூபாய் கூடுதல் வருமானம் என்பது இலக்கு.

வழிகாட்டு நெறிமுறைகளில் உள்ள பொருள் பட்டியலைப் பார்த்தால் நன்றாகவே யோசித்திருப்பது தெரியும். கூடுதல் பேட்டரிகள், கூடுதல் விசிறிகள், காற்றின் வேகம் பார்க்கும் கருவிகூட உண்டு. 15 நாள் பயிற்சி உண்டு. ஒரு வருட வாரண்டி, ஒரு வருட முழு இன்சூரன்ஸ், இரண்டு வருடப் பராமரிப்பு ஒப்பந்தமும் உண்டு.

இங்கே நாட்காட்டியைக் கவனியுங்கள். முதல் வருடம் ட்ரோன் புதுசு, பேட்டரி புதுசு, வாரண்டியும் இன்சூரன்ஸும் இருக்கின்றன. விழும் வாய்ப்பு ஒப்பீட்டளவில் குறைவு. இரண்டாவது வருடம் இன்சூரன்ஸைக் குழுவே புதுப்பிக்க வேண்டும். மூன்றாவது வருடம் பராமரிப்பு ஒப்பந்தமும் போய்விடும். அதற்குள் பேட்டரி மங்கியிருக்கும், மோட்டாரில் மருந்து ஏறியிருக்கும், விசிறியில் வெட்டுகள் விழுந்திருக்கும். பாதுகாப்பு அதிகம் தேவைப்படும் வருடத்தில்தான் பாதுகாப்பு விலகுகிறது.

புதிய பேட்டரி, பிரீமியம், சர்வீஸ் எல்லாமே அந்த ஒரு லட்ச ரூபாய் வருமானத்திலிருந்துதான் வர வேண்டும். சீசன் சரியில்லாத வருடத்தில் எது முதலில் வெட்டப்படும்? பேட்டரி இல்லாவிட்டால் ட்ரோன் பறக்காது. இன்சூரன்ஸ் இல்லாவிட்டாலும் பறக்கும். பதில் அதிலேயே இருக்கிறது. இது குழுவில் இருக்கும் பெண்களின் அலட்சியம் அல்ல, திட்டத்தின் கணக்கு அப்படி. தனியாக ட்ரோன் வாங்கி வாடகைக்கு ஓட்டும் இளைஞர்களுக்கும் இதே கதைதான். அவர்களுக்கு மேலே வங்கித் தவணையும் இருக்கும்.

அப்போ ட்ரோனே வேண்டாமா?

அப்படிச் சொல்ல முடியாது. 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாள் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் தொழிலாளர்களும் 20 பேருக்கு மேல் நஞ்சேறி இறந்தார்கள். முதுகில் டேங்க் சுமந்து, முகத்துக்கு நேரே மருந்துப் புகையை வாங்கிக்கொண்டு நடப்பதும் உயிரைப் பறிக்கும் வேலைதான். ட்ரோன் மனிதரை அந்தப் புகையிலிருந்து வெளியே எடுக்கிறது. அது சின்ன விஷயம் அல்ல.

இன்னொரு பக்கம் கேரளத்தின் காசர்கோடு. அரசின் தோட்டக் கழகத்துக்குச் சொந்தமான முந்திரித் தோட்டங்களில் 1970களின் பிற்பகுதி முதல் 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். 2017 ஜனவரியில் பாதிக்கப்பட்டவர்களுக்கு ரூ.5 லட்சம் வழங்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அங்கே எந்த இன்ஜினும் நிற்க வேண்டியிருக்கவில்லை, எல்லாம் சரியாக ஓடியே அந்தப் பாதிப்பு. வானிலிருந்து மருந்து இறங்கும்போது கீழே இருப்பவர்களை யாரும் கணக்கில் எடுக்கவில்லை என்பதுதான் அங்கே நடந்தது. ட்ரோன் விஷயத்திலும் கேள்வி அதேதான்.

ட்ரோன் புக் பண்றதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய 7 கேள்விகள்

ஊரில் அப்பா தோட்டம் பார்க்கிறார், நீங்கள் கோவையிலோ சென்னையிலோ வேலையில் இருந்துகொண்டு போனில் ட்ரோன் புக் செய்கிறீர்கள் என்றால், இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கோங்க.

1. “ரிமோட் பைலட் சான்றிதழ் யார் பெயரில் இருக்குங்க? அவரேதான் வருவாரா?”

2. “தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரைக்கும்?” பாலிசியின் படத்தை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கோங்க. ட்ரோனின் பதிவு எண்ணும் பாலிசியில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

3. “எங்க தோட்டத்துல வேலை செய்யறவங்களுக்கு அடிபட்டா இந்த பாலிசி கொடுக்குமா?” பதிலை எழுத்தில் கேளுங்கள்.

4. “பேட்டரி எத்தனை தடவை சார்ஜ் ஆகியிருக்கு?” பல ஆப்களில் இந்த எண் தெரியும். மறைத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

5. “ரிட்டர்ன் டு ஹோம் உயரம் எவ்வளவு வச்சிருக்கீங்க?” உங்கள் மரத்தைவிட, கம்பியைவிட அதிகமாக இருக்க வேண்டும்.

6. “நின்னுபோனா எங்க இறக்குவீங்க?” கையை நீட்டி ஒரு இடத்தைக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் அன்றைக்குப் பறக்கவிட வேண்டாம்.

7. “காத்து எவ்வளவு வரைக்கும் அடிப்பீங்க?” ‘எவ்வளவு காத்துன்னாலும் அடிப்போமுங்க’ என்று பெருமையாகச் சொன்னால், அவரை நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

தோட்டத்துக்காரர் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. ட்ரோன் பறக்கும் நேரத்தில் வயலில் களை எடுக்கவோ, தோப்பில் காய் பொறுக்கவோ ஆள் விடக் கூடாது. ‘அரை மணி நேரம்தானே, அந்தப் பக்கம் வேலை செய்யட்டும்’ என்பதில்தான் விபத்து ஒளிந்திருக்கிறது. அந்த அரை மணி நேரக் கூலியையும் சேர்த்துக் கொடுத்து, களத்தில் உட்கார வையுங்கள்.

அரசு செய்ய வேண்டியது என்ன?

மூன்று விஷயங்கள் போதும், எதற்கும் புதுச் சட்டம் தேவையில்லை.

முதலாவது, மானியத்தில் தந்த ட்ரோன்களுக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை முதல் வருடத்தோடு நிறுத்தாமல் ட்ரோனின் ஆயுள் முழுக்க நீட்டிக்க வேண்டும். 8 லட்சம் மானியம் தரும் திட்டத்துக்கு இது பெரிய சுமையாக இருக்காது.

இரண்டாவது, டிராக்டருக்கு எஃப்.சி. பார்ப்பது போல வருடத்துக்கு ஒருமுறை பேட்டரியும் மோட்டாரும் சோதிக்கும் முகாம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் ட்ரோன் பயிற்சி நடக்கிறது. ஆழியாறு நகரில் அதன் தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இடத்துக்கும் ஆளுக்கும் வெளியே தேட வேண்டியதில்லை.

மூன்றாவது, 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்கப்படும் விபத்துகளைப் பெயர் நீக்கி, வட்டார வாரியாக வெளியிட வேண்டும். எந்த மாடலில் எந்தப் பாகம் எத்தனை பறப்புக்குப் பிறகு கைவிடுகிறது என்பது அடுத்தவருக்குத் தெரிந்தால்தான் அதே விபத்து மறுபடி நடக்காது. பயணிகள் விமானம் இன்று இவ்வளவு பாதுகாப்பாக இருப்பதற்குக் காரணம், ஒவ்வொரு விபத்தின் பாடமும் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்ததுதான்.

இயந்திரம் என்றால் ஒருநாள் நிற்கும். அது நிற்கும்போது கீழே வெறும் வயல் இருக்குமா, ஆள் இருப்பாரா என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. அதை முடிவு செய்ய வேண்டிய நேரம் ட்ரோன் தரையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பு.